கண்மாய்க் கணக்கும் பன்னாட்டுச் சட்டமும்

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது பற்றிய வழக்கு அது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு ஆகிய இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு அறிவித்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அந்தப் பத்திகளைத்தான் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அதே தீர்ப்பின் முற்பகுதியில் இருக்கும் ஒரு கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு ஆய்வு நடத்தியது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணக்கிட்டது. தமிழ்நாட்டின் சட்ட உதவி வாரியம் கேட்டுக்கொண்டதற்கிணங்க வழக்கறிஞர்கள் இருவர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் கூடி எழுதிய நெறிகள் நம் நாட்டுச் சட்டத்துக்குள் வந்தது அந்த 350 கிணறுகளின் வழியாகத்தான்.

மனித உரிமை, சுற்றுச்சூழல் தொடர்பான பன்னாட்டுச் சட்ட ஆய்வைக் கட்டணம் வாங்காமல் பொதுநலனுக்காகச் செய்ய வேண்டும் என்ற ஆர்வம் சட்ட மாணவர்களிடம் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு என்றதும் ஜெனீவாவும் தி ஹேக்கும்தான் அவர்கள் நினைவுக்கு வருகின்றன. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் அதே வேலை காத்திருக்கிறது என்பது என் வாதம். ஊர்க் கணக்கை ஒரு கையிலும் உடன்படிக்கையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு இரண்டையும் பொருத்திப் பார்க்கும் ஆள்தான் இப்போது தேவை. வயதும் படிப்பும் பொறுமையும் சேர்ந்து அந்த வேலைக்கு மிகவும் தகுதியானவர்கள் சட்ட மாணவர்களே.

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நெடுஞ்சாலையில் அருப்புக்கோட்டை இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே திருச்சுழி, நரிக்குடி என்று விரியும் பூமி வானம் பார்த்தது. ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 800 மி.மீ. அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலைத்தான் பார்க்கலாம். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைக்கவே முன்னோர் சங்கிலித் தொடராகக் கண்மாய்களை வெட்டினார்கள். மேல் கண்மாயின் மறுகால் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் இவற்றில் எது பழுதானாலும் அடுத்த ஊரின் வயலும் காயும். குதிரைவாலியும் மல்லியும் பருத்தியும் மானாவாரியில் விளைந்துவிடும். நெல்லுக்குக் கண்மாய் வேண்டும், ஆடு மாட்டுக்கும் ஊர்க் கிணற்று ஊற்றுக்கும் கண்மாய் வேண்டும். இங்கே தண்ணீர் உரிமை பற்றிப் பேச்செடுத்தால் அது கண்மாயில்தான் போய் நிற்கும்.

அந்தக் கண்மாய் சட்டத்தின் கண்ணுக்கு எங்கே தெரிகிறது என்று பார்ப்போம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரி. பழைய எண், புதிய எண், அரசு நிலமா ரயத்துவாரி நிலமா, நன்செயா புன்செயா, மண்ணின் தரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று கட்டம் கட்டமாக ஓடி, கடைசியில் குறிப்புக் கட்டத்தில் 'கண்மாய்' என்ற ஒரே ஒரு சொல் இருக்கும். ஆண்டுதோறும் பசலிவாரியாக எழுதும் அடங்கலில் எந்த நிலத்தில் என்ன பயிர், யார் அனுபவம் என்பது வரும். புலப்படத்தில் அளவுக் கோடுகள். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். பழைய எண்ணில் முழுக் கண்மாயாக இருந்தது புதிய எண்ணில் உட்பிரிவுகளாக உடைந்திருக்கிறதா, அதில் ஒன்று பட்டாவாக மாறியிருக்கிறதா, வரத்துக்கால் வரைபடத்தில் இருந்தும் தரையில் இல்லாமல் போய்விட்டதா என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. அதற்கும் முன்பு ஜமீன் ஆட்சியைப் பார்த்தவை. 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம் ஜமீன்களை ஒழித்தபோது பொது நிலங்களும் புறம்போக்குகளும் கண்மாய்களும் அரசின் வசமாயின. அதன் பின் நடந்த நிலவரித் திட்டப் பதிவேடுதான் பல ஊர்களுக்கு முதல் ஆதாரம். அதைத் தேடி எடுக்காமல் கண்மாய் வழக்கு நடத்துவது அடித்தளமில்லாமல் சுவர் எழுப்புவதுதான். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் நகல் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இந்த வேலைக்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், அதுதான் ஊர்க்காரருக்குத் தெரியாமல் இருக்கிறது.

இனிப் பன்னாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கையில் இந்தியா 1982 பிப்ரவரி 1 முதல் உறுப்பு நாடு. ஈரநிலம் என்பதற்கு அந்த உடன்படிக்கையின் முதல் பிரிவு தரும் விளக்கம் விரிவானது. இயற்கையானதும் அதில் அடங்கும், செயற்கையானதும் அடங்கும். நிரந்தரமானதும் அடங்கும், தற்காலிகமானதும் அடங்கும். ஆண்டில் நான்கு மாதம் தண்ணீர் நிற்க, மீதி மாதங்களில் ஆடு மேயும் திருச்சுழிக் கண்மாய் அந்த விளக்கத்துக்குள் எந்த இடறலும் இல்லாமல் வந்துவிடுகிறது. இந்தியாவின் 2010-ஆம் ஆண்டு ஈரநில விதிகளிலும் ஏரி, குளம், கண்மாய் போன்ற உள்நாட்டு நீர்நிலைகள் இருந்தன. 2017 செப்டம்பரில் வந்த புதிய விதிகள் அந்தக் கதவைச் சாத்திவிட்டன. குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகள் ஈரநிலம் என்ற விளக்கத்திலிருந்து விலக்கப்பட்டன. தென் தமிழ்நாட்டின் வறண்ட பூமியில் ஏறத்தாழ எல்லா நீர்நிலையும் பாசனத்துக்காக வெட்டப்பட்டதுதான் என்னும்போது, இந்த ஒரு வரி எத்தனை ஊர்களை வெளியே தள்ளியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதன் முரண்பாட்டைக் காண வெகுதூரம் போக வேண்டாம். கமுதியைத் தாண்டி முதுகுளத்தூர்ப் பக்கம் போனால் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள். இரண்டும் கண்மாய்கள்தான். நாரைகள் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டுவதால் பெயர் பெற்றவை. 2022-இல் இரண்டும் ராம்சார் பட்டியலில் ஏறின. ஒரே மண், ஒரே மழை, ஒரே மாதிரிக் கரையும் மடையும். ஒன்று பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இருக்கிறது. பக்கத்து ஊர்க் கண்மாய் நாட்டின் ஈரநில விதிக்குள்ளேயே வரவில்லை.

ஆனால் வாசல் முழுதாக அடைபடவில்லை. எம்.கே. பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-இல் ஓர் ஆணையிட்டது. இஸ்ரோவின் அகமதாபாத் மையம் தயாரித்த தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவையாகக் கணக்கிடப்பட்ட 2,01,503 ஈரநிலங்களும் 2010 விதிகளின் நான்காம் விதியில் உள்ள நெறிகளின்படி காக்கப்பட வேண்டும் என்பது அந்த ஆணை. புதிய விதிகள் வந்த பிறகும், அதே ஆண்டு அக்டோபரில், அந்தப் பாதுகாப்பு தொடரும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நான்காம் விதி ஈரநிலத்தைத் தூர்ப்பதையும், சுத்திகரிக்காத கழிவைக் கொட்டுவதையும், நிரந்தரக் கட்டுமானத்தையும் தடுப்பது. ஆகவே ஒரு மாணவர் செய்யக்கூடிய ஆய்வு இதுதான்: தன் வட்டாரக் கண்மாய் ஒன்றை எடுத்து, 'அ' பதிவேட்டில் அதன் பரப்பைப் பார்த்து, இஸ்ரோ தொகுப்பில் அது இருக்கிறதா என்று ஒப்பிட்டு, இருந்தால் அந்தப் பாதுகாப்பு இந்தக் கண்மாய்க்கும் உண்டு என்று ஆவணத்தோடு எழுதி வைப்பது. ராம்சார் உடன்படிக்கையின் முதல் பிரிவு, 2010 விதி, 2017 விலக்கு, உச்ச நீதிமன்ற ஆணை, ஊர்ப் பதிவேடு ஆகிய ஐந்தும் ஒரே தாளில் சேரும்போது, வழக்கறிஞர் கையில் பிடிப்பான ஒரு மனு உருவாகிவிடுகிறது.

வறண்ட நிலத்துக்கென்றே ஓர் உடன்படிக்கையும் உலகத்தில் உண்டு. 1994-இல் ஏற்கப்பட்ட பாலைவனமாதலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை. இந்தியா 1996 டிசம்பரில் அதை உறுதிசெய்தது. திட்டங்களை முடிவு செய்வதில் உள்ளூர் மக்களின் பங்கேற்பு வேண்டும் என்பது அதன் மூன்றாம் பிரிவில் முதலாவதாக வரும் நெறி. 2019 செப்டம்பரில் அதன் 14-ஆவது மாநாட்டை டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் நடத்திய இந்தியா, 2030-க்குள் 2.6 கோடி ஹெக்டேர் தரமிழந்த நிலத்தை மீட்பதாக உறுதி கூறியது. நாட்டில் 9.78 கோடி ஹெக்டேர் நிலம் தரமிழந்திருக்கிறது என்று இஸ்ரோவின் 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பு காட்டியது. இந்த உடன்படிக்கையை நம் நீதிமன்றங்களில் யாரும் அதிகம் எடுத்தாளுவதில்லை. இந்த வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உடன்படிக்கை இல்லாதபோது அது வீணே கிடப்பது வருத்தமானது.

உடன்படிக்கைகள் இந்திய நீதிமன்றத்தில் நேரடியாகச் செல்லுமா என்ற கேள்வி நியாயமானது. அரசமைப்பின் 51(இ) பிரிவு பன்னாட்டுச் சட்டத்தை மதிக்கச் சொல்கிறது. 253-ஆவது பிரிவு அதை நிறைவேற்றச் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. உள்நாட்டுச் சட்டத்துக்கு முரணாக இல்லாவிட்டால் பன்னாட்டு நெறியை அடிப்படை உரிமையின் பொருளுக்குள் வாசிக்கலாம் என்பதை 1997 விசாகா தீர்ப்பு உறுதியாக்கியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு நீடித்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசுபடுத்தியவர் ஈடுகட்டல் ஆகிய மூன்றையும் பின்பற்றியே தீர வேண்டும் என்கிறது. அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போக 14-ஆவது பிரிவு தரும் அவகாசம் ஆறு மாதம், போதிய காரணம் இருந்தால் மேலும் 60 நாள். ஊர்க்காரர் கண்மாயில் லாரி மண் அடிப்பதைப் பார்த்துவிட்டு, மனு எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடுவதற்குள் அந்த ஆறு மாதம் ஓடிவிடும்.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று சாட்சி. திருப்பதியில் அவிலாலா, பேரூரு என்ற இரண்டு ஏரிகளின் நிலத்தை ஆந்திர அரசு வீட்டுவசதிக்கும் நகர வளர்ச்சிக்கும் கொடுத்ததை ஓர் அறிஞர் மன்றம் எதிர்த்த வழக்கு. நம் தேவகோட்டையைச் சேர்ந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் எழுதிய தீர்ப்பு, அரசு நீர்நிலைகளின் உரிமையாளர் அல்ல, மக்களுக்காக அவற்றைக் காக்கும் பொறுப்பாளர் என்ற பொது நம்பிக்கைக் கோட்பாட்டை வலுவாக எடுத்துரைத்தது. ஆனாலும் அதற்குள் எழும்பிவிட்ட கட்டடங்கள் அப்படியே நின்றன. மேற்கொண்டு கட்டக் கூடாது, மழைநீர் சேகரிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு வழக்கு முடிந்தது. கோட்பாடு நிலைத்தது, ஏரி முழுதாகத் திரும்பவில்லை. முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே பதிவேட்டைப் புரட்டும் ஒருவர் அங்கே இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

கண்மாய் ஆக்கிரமிப்பு என்றதும் இன்னொரு கவனமும் வேண்டும். கரையோரப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர் யார்? நத்தத்தில் இடம் கிடைக்காத நிலமற்றவர், பல ஊர்களில் பட்டியல் சாதியினர். கண்மாய் உள்வாயில் வேலி போட்டுப் பயிர் செய்பவரும், வரத்துக்காலை அடைத்து மனை பிரித்தவரும் வேறு ரகம். சுற்றுச்சூழல் மனுவில் இருவரும் 'ஆக்கிரமிப்பாளர்' என்ற ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். புல்டோசர் பெரும்பாலும் குடிசையிலிருந்துதான் தொடங்குகிறது. இந்தியா 1979-இல் சேர்ந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் குழு, 1997-இல் வெளியிட்ட ஏழாவது பொதுக் கருத்துரையில், வெளியேற்றம் யாரையும் வீடற்றவராக்கக் கூடாது என்கிறது. அதே குழுவின் 2002-ஆம் ஆண்டு 15-ஆவது கருத்துரை தண்ணீரை மனித உரிமை என்கிறது. ஒரே கண்மாயில் இரண்டு உரிமையும் மோதுகின்றன. தமிழ்நாட்டின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரி, கண்மாய்களிலிருந்து ஆக்கிரமிப்பை அகற்ற வழிசெய்கிறது. உரிய அறிவிப்பும் விளக்கம் சொல்ல வாய்ப்பும் தந்தே அகற்ற வேண்டும் என்று 2010-இல் டி.எஸ். செந்தில்குமார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சிறு கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பவை. அவற்றுக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத்தான் நாட வேண்டும். நேர்மையான ஆய்வு கண்மாய்க்குள் இருப்பவர்களை வீடு, பயிர், வணிகம் என்று பிரித்துப் பட்டியலிடும். வீடுகளுக்கு மாற்று மனை எந்த சர்வே எண்ணில் தரலாம் என்பதையும் சேர்த்தே எழுதும். அதைச் செய்யாத சுற்றுச்சூழல் ஆய்வை நான் பாதி ஆய்வு என்றே சொல்வேன்.

கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலமும் அப்படிப்பட்ட விஷயம்தான். வைகோ தொடுத்த வழக்கில் 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் அதை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டு அந்தப் பணி நிறுத்தப்பட்டு நிபுணர் கருத்து கேட்கப்பட்டது. உயிரினப் பன்மய உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு, வாழிடங்களை அச்சுறுத்தும் அயல் இனங்களைக் கட்டுப்படுத்தவோ ஒழிக்கவோ சொல்கிறது. உலகின் மிக மோசமான நூறு அயல் இனங்களின் பட்டியலில் சீமைக்கருவேலம் இருப்பதாக மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்தப் பட்டியலில் இருப்பது அதன் உறவான புரோசோபிஸ் கிளாண்டுலோசா. நம் ஊரில் பரவியிருப்பது புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. மனுவில் இப்படி ஒரு பிழை இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார், நல்ல மனுவும் சாய்ந்துவிடும். இன்னொரு பக்கம், நிலமில்லாத குடும்பங்கள் பல அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டே அடுப்பெரிக்கின்றன. கூலிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு கரிமூட்டத்தில் மாட்டிக்கொண்ட குடும்பம் ஒன்று இருந்தால், 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அந்தக் கண்மாய் ஆய்வுக்குள் வந்தாக வேண்டும்.

இதே விருதுநகர் மாவட்டம்தான் இந்தியாவின் குழந்தை உரிமைச் சட்டத்தை உருவாக்கிய களம். சிவகாசித் தீப்பெட்டித் தொழில் பற்றி எம்.சி. மேத்தா 1986-இல் தொடுத்த வழக்கில் நீதிமன்றத்தின் முன் வந்த கணக்கு: 1985 டிசம்பர் 31 அன்று பதிவுபெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர், அவர்களில் குழந்தைகள் 2,941 பேர். ஆலைப் பதிவேட்டில் இருந்த எண் அது. விடியுமுன் கிராமங்களிலிருந்து ஆலை வண்டிகளில் ஏற்றப்பட்ட பிள்ளைகளும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய பிள்ளைகளும் அந்த எண்ணுக்குள் இல்லை. ஸ்மிது கோத்தாரி 1983-இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் எழுதிய கட்டுரை போன்றவைதான் அந்தப் பிள்ளைகளை வெளி உலகுக்குக் காட்டின.

1990-இல் வந்த முதல் தீர்ப்பு குழந்தைகளை உற்பத்தியிலிருந்து விலக்கியது. ஆனால் தள்ளியிருந்து பெட்டி அடுக்கும் வேலைக்கு அனுமதித்து, பெரியவர் கூலியில் 60 விழுக்காடு நிர்ணயித்தது. 1992 டிசம்பரில் இந்தியா குழந்தை உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமை என்றது. 1996 டிசம்பர் 10 அன்று வந்த இரண்டாம் தீர்ப்பு அந்த உடன்படிக்கையின் 32-ஆவது பிரிவையும் சுட்டிக்காட்டி, சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அரசு அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், இல்லையேல் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். ஆறு ஆண்டுகளில் நீதிமன்றத்தின் பார்வை இவ்வளவு தூரம் நகர்ந்ததில் உடன்படிக்கைக்குப் பங்கு உண்டு; களத்தில் தலை எண்ணியவர்களுக்கும் பங்கு உண்டு.

பட்டாசுத் தொழிலில் அந்த வேலை முடியவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பசுமைத் தீர்ப்பாயம் செய்தியை அடிப்படையாகக் கொண்டு தானாக வழக்கெடுத்து, நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்மானித்தது. அதற்கு முன்பே, 2018-இல், டெல்லிக் குழந்தைகளின் மூச்சுக் காற்றுக்காகத் தொடுக்கப்பட்ட அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்திருந்தது. டெல்லியில் மூச்சு, சாத்தூரில் உயிரும் கூலியும். இரண்டையும் ஒரே ஆய்வில் வைத்து எழுதத் துணியும் மாணவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உள்நாட்டில் கதவு திறக்காவிட்டால் ஐ.நா.வுக்குப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். உடன்படிக்கைக் குழுக்களிடம் தனிநபர் முறையீடு செய்யும் வழியை இந்தியா ஏற்கவில்லை. சிறப்பு அறிக்கையாளர்களுக்கு எழுதும் வழி மட்டும் திறந்திருக்கிறது. அதற்கு உள்நாட்டு வழிகளை எல்லாம் முடித்துவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை ஐ.நா. வல்லுநர்கள் அந்த மாதம் 31-ஆம் தேதியே கண்டித்தார்கள். அந்த வழி அழுத்தம் தரும், தீர்ப்புத் தராது. இதை முன்கூட்டியே ஊர்க்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். பொய் நம்பிக்கை கொடுப்பதும் ஒரு தீங்கு.

இந்த வேலைக்குச் சட்ட அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. அரசமைப்பின் 39ஏ பிரிவு இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்குகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 4(கே) பிரிவு, சட்டக் கல்லூரிகளில் சட்டப் பணி மையங்களை வளர்க்கச் சொல்கிறது. பார் கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்தில் செய்முறைத் தாள்களும் உள்ளன. குறை வேறிடத்தில் இருக்கிறது. மாணவர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது; முழுநேர ஆசிரியரும் வழக்கறிஞராகத் தொழில் செய்வதில்லை. அதனால் பல மையங்கள் முகாம் நடத்தி, துண்டறிக்கை கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு முடிந்துவிடுகின்றன. மதுரையிலும் இராமநாதபுரத்திலும் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. இரண்டு இடங்களிலிருந்தும் திருச்சுழி ஒரு காலைப் பேருந்துத் தூரம்தான். மதுரைக் கிளையில் வழக்காடும் வழக்கறிஞர் ஒருவரை முதலிலேயே சேர்த்துக்கொண்டு, அவருக்கு வேண்டிய ஆவணத்தை, தமிழ்ப் பதிவேடுகளின் ஆங்கில ஆக்கம் உட்பட, மாணவர்கள் தயார் செய்தால் அந்தக் குறை தீரும்.

மாணவர் ஆய்வு எவ்வளவு தூரம் போகும் என்று சந்தேகப்படுபவர்கள் வனுவாட்டுவைப் பார்க்க வேண்டும். 2019-இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர், காலநிலை மாற்றம் குறித்துப் பன்னாட்டு நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று தங்கள் அரசுகளிடம் கோரினார்கள். வனுவாட்டு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை ஒருமனதாகத் தீர்மானித்தது. 2025 ஜூலை 23 அன்று தி ஹேக்கில் 15 நீதிபதிகளும் ஒரே குரலில், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரைத்தார்கள். அந்த மாணவர்கள் கடல் ஏறி வரும் தங்கள் தீவுகளிலிருந்து தொடங்கினார்கள். நம் மாணவர்களுக்குத் தண்ணீர் வராத கண்மாய் இருக்கிறது.

காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது, 262 கி.மீ. கால்வாய், 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. அது என்று முடிந்தாலும், வரும் தண்ணீரை வாங்கி வைக்கக் கண்மாய்கள் அன்று இருக்க வேண்டும்.

சட்டக் கல்லூரி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த பருவத்தில் ஐந்து மாணவர்களிடம் ஒரே ஓர் ஒன்றியக் கண்மாயை ஒப்படையுங்கள். பதிவேடு, புலப்படம், இஸ்ரோ தொகுப்பு, உள்ளே குடியிருப்போர் விவரம், பொருந்தும் உடன்படிக்கைப் பிரிவு எல்லாம் சேர்த்து ஓர் அறிக்கை தயாரிக்கச் சொல்லுங்கள். தகவல் தந்தவர்களின் பெயரை அவர்கள் சம்மதமின்றி அச்சில் ஏற்றாதீர்கள். ஆங்கில அறிக்கை வழக்கறிஞருக்குப் போகட்டும். தமிழ் அறிக்கையை மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையில் வாசித்துக் காட்டி, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.